இடுக்கில் இரண்டு மரங்கள்

ஆர்வோ கடைசியாகச் சொன்னது தூண்டில் இரைக்கு வைத்திருந்த குஞ்சுமீன்களைப் பற்றித்தான். ஒரு காலில் பூட்ஸை மாட்டியிருந்தான். மறு காலைக் கம்பளிக் காலுறையோடு கதவருகே ஊன்றிக்கொண்டு, "கீழறையில வாளித் தண்ணிய மாத்திடு ஹில்கா. பாதிதான் மாத்தணும். முழுசா மாத்தினா செத்துப்போகும்" என்றான்.

ஹில்கா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. "இருபது வருஷமா மாத்துறேன். எனக்குத் தெரியாதா."

"தெரியும். சொல்லி வச்சேன்."

கதவு திறந்து மூடியது. குளிர் தரையோடு ஊர்ந்து வந்து அவள் கணுக்காலைத் தொட்டுவிட்டுப் போனது. வெளியே பனி வண்டி இரண்டு தடவை இருமி மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. பின்னால் கட்டியிருந்த இழுவைப் பலகையில் மீன்பிடிக் குடிலுக்கான இரும்பு அடுப்பு, புகைக்குழாய், இரண்டு கட்டு பிர்ச் விறகு. சத்தம் சரிவில் இறங்கி, கரையைத் தாண்டி, ஏரிமேல் போனதும் மெலிந்தது. வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணி. அப்போதுதான் கிழக்கே வெளுக்க ஆரம்பித்திருந்தது.

திங்கட்கிழமை ஜனவரி ஒன்று. ஏரியில் டிரவுட் மீன் பிடிக்க அனுமதி தொடங்கும் நாள்.

முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்கே விளக்கைப் போட்டுக்கொண்டு அதே சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்துதான் திட்டம் போட்டார்கள். ஆர்வோவுக்கு மீன் பிடிப்பதைவிடத் திட்டம் போடுவதில்தான் சுகம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், காதில் செருகிய பென்சில், வரிசை எண் போட்ட பட்டியல். பக்கத்துப் பண்ணை ஜல்மாரி வந்திருந்தார். அறுபத்து நாலு வயது. பால் கறந்துவிட்டு நேரே வந்ததால் மாட்டு வாசனை. ஆர்வோவோடு காகித ஆலையில் வேலை செய்யும் டினோவும் வந்திருந்தான். இத்தாலிக்காரன். பதினோரு வருஷமாக இவர்களோடு போகிறான். பிடித்த மீனை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆர்வோவின் தம்பி வெய்க்கோவுக்கு அன்று மாலை ஷிப்ட். அவன் நாற்காலி காலியாக இருந்தது. பழக்கத்தில் ஹில்கா அதற்கு முன்னாலும் ஒரு கோப்பையை வைத்திருந்தாள்.

"காபித்தூள் யாரு?" என்று ஆர்வோ ஆரம்பித்தான்.

"டினோ வேண்டாம்" என்றார் ஜல்மாரி. "போன வருஷம் அவன் கொண்டு வந்தது காபியா, கூரைக்குப் பூசுற தாரான்னு இன்னும் தெரியல."

"எங்க வீட்டுல காபின்னா அதுதான். நீங்க குடிக்கிறது காபிப் பானையைக் கழுவின தண்ணி."

"காபி நான் தர்றேன்" என்றாள் ஹில்கா. ஏலக்காய் ரொட்டியை வெட்டித் தட்டில் வைத்தாள். டினோ முதல் துண்டை எடுத்தான். எப்போதும் அவன்தான் முதலில் எடுப்பான்.

"டினோ, தொத்திறைச்சி" என்று எழுதினான் ஆர்வோ. "அதுல ஒண்ணும் தப்பு நடக்காது. ஐஸ் துளைப்பான், ஜல்மாரி. பிளேடு தீட்டியாச்சா?"

"தீட்டியாச்சு. உன் பொண்டாட்டி நாக்குக்கு அடுத்தபடி கூர்மை."

"சொல்லிட்டு ரொட்டியையும் தின்னுங்க" என்றாள் ஹில்கா.

"இந்தத் தடவை தூண்டிலை அறுபது அடிக்குக் கீழ இறக்கணும்" என்றான் ஆர்வோ. "டிரவுட் மேல வராது. போன வருஷம் ஒருத்தன் இருபது அடியில விட்டுட்டு நாள் பூராத் தூங்கினான்."

"தூங்கல. ஜெபம் பண்ணிட்டிருந்தேன்" என்றான் டினோ.

"அந்த ஜெபத்துல குறட்டை வந்துச்சே."

"எங்க கோயில்ல அப்படித்தான்."

ஆர்வோ சிரித்தபடியே ஏழாவது வரிக்கு வந்தான். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டான். "ஐஸ் யாரு பார்த்தது?"

"செவ்வாய்க்கிழமை வெய்க்கோ போனான்ல" என்றார் ஜல்மாரி.

"போனான். ஒண்ணும் சொல்லல. ஏதாவது இருந்தாச் சொல்லியிருப்பான்."

அப்போதுதான் ஹில்கா பேசினாள். காபிப் பானையை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், போகிறபோக்கில் சொன்னாள். "நான் நேத்து தீவு வரைக்கும் போயிட்டு வந்தேன். மரமெல்லாம் வரிசையா நிக்குது."

"அப்புறம் என்ன" என்று ஆர்வோ எழுதிக்கொண்டான். எட்டாவது வரிக்குப் போனான். எட்டாவது வரி உப்பு.

ஏரி உறைந்து எட்டு அங்குலம் ஆனதும் கரையிலிருந்து தீவுக்கு அப்பால் ஆழம் தொடங்குகிற இடம்வரை ஊசியிலை மரக் கன்றுகளை நடுவது அந்த வீட்டு வழக்கம். ஐம்பது அடிக்கு ஒன்று. ஐஸில் சின்ன ஓட்டை போட்டு, கன்றைச் செருகி, அடியில் தண்ணீர் ஊற்றினால் பத்து நிமிஷத்தில் இறுகிவிடும். பனிப்புயல் அடித்தால் முன்னால் நீட்டிய கை தெரியாது. அப்போது ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குத் தடவித் தடவி வீடு வந்துவிடலாம். நடுவில் ஒன்று இல்லாமல்போனால் ஆள் திறந்த ஏரியைப் பார்த்து நடந்துபோய்விடுவான். அதனால் ஆர்வோவின் அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார். விழுந்து கிடக்கும் மரத்தைப் பார்த்தவர் அதை நிமிர்த்தாமல் தாண்டக் கூடாது. யாராக இருந்தாலும், எவ்வளவு அவசரமாக இருந்தாலும். கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்திலேயே ஹில்காவுக்கு அது கைப்பழக்கமாகிவிட்டது.

புதன்கிழமை அவள் காலில் பனிச் சறுக்குக் கட்டை மாட்டிக்கொண்டு முயல் கண்ணிகளைப் பார்க்கத் தீவுக்குப் போனாள். நிலம் இரண்டு பக்கமும் நெருங்கி ஏரி ஒடுங்குகிற இடத்தை இடுக்கு என்பார்கள். அங்கே இரண்டு மரங்கள் சாய்ந்து கிடந்தன. மேலே நாலு விரல் உயரத்துக்குப் புதுப்பனி. ராத்திரி அடித்த காற்று என்று நினைத்துக்கொண்டாள். உதறி எடுத்து, ஓட்டையைக் குச்சியால் கிளறிச் செருகினாள். தண்ணீருக்கு எங்கே போவது? பிளாஸ்க்கில் மிச்சமிருந்த காபியை இரண்டுக்கும் பாதிப் பாதியாக அடியில் ஊற்றினாள். அசைத்துப் பார்த்தாள். நன்றாகப் பிடித்திருந்தது. திரும்பி வரும்போது பார்த்தாள், நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசை. மனசுக்கு நிறைவாக இருந்தது. அதை வீட்டில் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. விழுந்த மரத்தை நிமிர்த்துவது ஒரு செய்தியா?

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு வெய்க்கோ வந்தான். ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்த முகம். வாசலில் காலைத் தட்டிப் பனியை உதறினான்.

"அண்ணி, காபி இருக்கா?"

"உட்காரு. சூடு பண்றேன்."

மாவு இரண்டாவது தடவையாக உப்பிக்கொண்டிருந்தது. ஹில்கா அதை மூன்று புரியாக உருட்டிப் பின்னத் தொடங்கினாள்.

"அண்ணன் எங்க?"

"அடுப்பைக் குடிலுக்குக் கொண்டுபோயிருக்கான். சாப்பாட்டுக்கு வந்துடுவான்."

"முனையைச் சுத்திப் போற நீள வழியிலதான போயிருப்பாரு?"

"முனையை எதுக்குச் சுத்தணும். மரம் நிக்கிற வழியாத்தான் போயிருப்பான்."

வெய்க்கோ கோப்பையை எடுத்துப் பார்த்தான். "இடுக்குல தண்ணி ஓடுது அண்ணி. மேல பனி மூடிக் கிடக்கு, அடியில மூணு அங்குலம்கூட இல்ல. செவ்வாய்க்கிழமை தட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் ஒரு மரம், இந்தப் பக்கம் ஒரு மரம், ரெண்டையும் பிடுங்கிக் குறுக்கால படுக்க வச்சிட்டுத்தான் வந்தேன். பார்த்திருப்பாரு. பார்த்தா யாரும் தாண்ட மாட்டாங்க."

பதினாறு வயதில் வீட்டைவிட்டு மரம்வெட்டும் முகாமுக்குப் போனவன் வெய்க்கோ. பதினோரு குளிர்காலம் ஐஸ் பாதையில் லாரியில் மரம் இழுத்தவன். அங்கே பாதையின் குறுக்கே மரம் கிடந்தால் பாதை மூடியது என்று அர்த்தம். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் அது தெரியும். இங்கேயும் அப்படித்தான் என்று அவன் எண்ணியதில் வியப்பில்லை. அப்பாவின் சட்டம் காதில் விழுந்திருக்கும், கையில் ஏறியிருக்காது.

ஹில்காவின் கை பின்னலை முடித்தது. நுனியை உள்ளே மடித்து அழுத்தியது. முட்டை தடவும் தூரிகையை எடுத்தது. கை தன் வேலையைச் செய்கிறது என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரிகை ரொட்டியின்மேல் ஒரே இடத்தில் போய்ப் போய் வந்தது.

"அண்ணி?"

"எட்டரைக்குப் போனான்" என்றாள். "எட்டரைக்கு. வண்டியை எடு."

அடுப்பை அணைத்தாளா என்பதுகூட நினைவில்லை. கையில் மாவோடு வெய்க்கோவின் பனி வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பாதி வழியில் மாவு விரல்களில் உறைந்து விறைத்துக்கொண்டது.

தூரத்திலிருந்தே தெரிந்தது. மரங்கள் வரிசையாக நின்றன. கடைசிவரை ஒரே வரிசை.

வெய்க்கோ வண்டியை நிறுத்தி இறங்கினான். நீளக் கம்பியால் முன்னால் தட்டிக்கொண்டே நடந்தான். இருபதடி போய் நின்றுவிட்டான். இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு மாட்டுக்கொட்டகை அளவுக்குக் கறுப்பாக இருந்தது. தண்ணீர்மேல் அதற்குள் மெல்லிய ஐஸ் ஏடு படியத் தொடங்கியிருந்தது. ஒரு கட்டு விறகு அவிழ்ந்து, பிர்ச் பட்டைகள் வெள்ளை வெள்ளையாக ஏட்டில் பதிந்து நின்றன. விளிம்பில் ஒரு தோல் கையுறை. வேறு ஒன்றும் இல்லை. சத்தம் என்று எதுவும் இல்லை.

"நான் படுக்க வச்சேன்" என்றான் வெய்க்கோ. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "படுக்கத்தான் வச்சேன். எப்படி நிக்குது?"

ஹில்கா அருகிலிருந்த மரத்தின் அடியைப் பார்த்தாள். பனியைக் காற்று கொஞ்சம் விலக்கியிருந்தது. அடியில் ஐஸ் பழுப்பு நிறத்தில் இருந்தது.

வெய்க்கோ அதைப் பார்க்கவில்லை. அவன் கறுப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இடுக்கில் ஆழம் பத்தடிதான். ஜல்மாரியும் டினோவும் இன்னும் நாலு பேரும் கட்டை இழுக்கும் நீளக் கொக்கிகளோடு வந்தார்கள். ஏணியைப் படுக்கப் போட்டு அதன்மேல் தவழ்ந்தார்கள். இரண்டரை மணிக்கு ஆர்வோவின் உடலை எடுத்தார்கள். போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டு போனார். ஹில்கா வீட்டுக்கு வந்ததும் கீழறைக்கு இறங்கினாள். வாளியிலிருந்து பாதித் தண்ணீரை மொண்டு ஊற்றினாள். பாதி புதுத் தண்ணீர் விட்டாள். குஞ்சுமீன்கள் ஒரு பக்கமாக ஒதுங்கி, பிறகு மறுபடி பரவின. அதன்பிறகு படியேறி வந்தாள். மேஜையில் சுடாத ரொட்டி உப்பி, பின்னல் பிரிந்து, தட்டின் விளிம்பைத் தாண்டி வழிந்திருந்தது.

சனிக்கிழமை முழுக்க வீடு நிறைய ஆட்கள். ஆள் ஆளுக்கு ஒரு பாத்திரம் கொண்டுவந்தார்கள். ஹில்கா உட்கார்ந்திருந்தாள். யாராவது கோப்பையைக் கையில் வைத்தால் குடித்தாள். வாங்கிக்கொண்டால் விட்டுவிட்டாள். அழுகை வரவில்லை. தலைக்குள் ஒரு வாக்கியம் மட்டும் சொல் மாறாமல் வந்துகொண்டிருந்தது. மரமெல்லாம் வரிசையா நிக்குது. அவளுடைய குரலிலேயே, காபிப் பானையின் மூடிச் சத்தத்தோடு சேர்த்து.

வெய்க்கோ கதவருகே நின்றிருந்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "ஒரு போன் பண்ணியிருக்கணும்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். "ஷிப்டுக்குப் போற அவசரம். மரம் படுத்துக் கிடக்கே, அது சொல்லும்னு விட்டுட்டேன். நான்தான் கொன்னுட்டேன்."

"சும்மா இருடா" என்றார் ஜல்மாரி. "நீ படுக்க வச்சத யாரோ நிமிர்த்தியிருக்காங்க. யாரு நிமிர்த்தியிருப்பா? ஆர்வோவேதான். உங்கப்பா சட்டம் அவனுக்குத்தான் ரத்தத்துல ஊறினது. வண்டியை நிறுத்தியிருப்பான், இறங்கியிருப்பான், மரத்தை நட்டுட்டு ஏறியிருப்பான்."

டினோ தலையாட்டினான். "ஆலையில துடைப்பம் சாஞ்சு கிடந்தாக்கூட எடுத்து நிறுத்திட்டுத்தான் போவான்."

சாயங்காலத்துக்குள் அந்தக் கதை நன்றாக இறுகிவிட்டது. ஆர்வோ இறங்கினான், நிமிர்த்தினான், கையைத் தட்டிக்கொண்டான், ஏறினான். கேட்டவர்கள் எல்லாரும், ஆமாம், அவன் அப்படித்தான் என்றார்கள். இறந்தவனைப் பற்றிக் கொஞ்சம் சிரிக்கக்கூட அது இடம் கொடுத்தது. ஹில்காவுக்கும் அதில் இடம் இருந்தது. அவள் வாயைத் திறக்க வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதும். ஆயுசு முழுக்க அதற்குள் இருந்துவிடலாம். வெய்க்கோ மட்டும் அந்தக் கதைக்குள் வரவில்லை. கதவருகேயே நின்றான். அவள் அவனை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் வந்தார்கள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதே மேஜையில் உட்கார்ந்தார்கள். பட்டியல் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், ஆர்வோ மாட்டிய ஆணியிலேயே இருந்தது.

"நாளைக்குப் போறதா இல்ல ஹில்கா" என்றார் ஜல்மாரி. "அதைச் சொல்லத்தான் வந்தோம். நாலாவது ஆள் இல்லாம என்ன மீனு."

"வர்ற வியாழக்கிழமை அடக்கத்துக்கு அப்புறம் கோயில்ல காபி இருக்கு" என்றாள் ஹில்கா. "என்ன போடப்போறாங்க?"

"மாட்டிறைச்சி சூப்னு சொன்னாங்க."

"ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் மீனு கோயில் சூப்புக்குத்தான் போயிருக்கு. அதுக்குன்னே பால், உருளைக்கிழங்கு எல்லாம் எடுத்து வச்சிருக்கு. அவனுக்குப் போயி மாட்டிறைச்சியா." அவள் நிறுத்தினாள். "வாளியில குஞ்சுமீனு உயிரோட இருக்கு. போயிட்டு வாங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜல்மாரி எழுந்து பட்டியலை ஆணியிலிருந்து எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேஜையில் விரித்தார்.

"அடுப்பு" என்று படித்தார். ஆர்வோ பெயரை அடிக்காமல் பக்கத்தில் டினோ பெயரை எழுதினார். "டினோ, உன் கொட்டகையில ஒண்ணு இருக்குல்ல?"

"துருப்பிடிச்சது. ஆனா எரியும்."

"உன்ன மாதிரி. தொத்திறைச்சி, டினோ. அப்படியே இருக்கட்டும். காபி, ஹில்கா." நிமிர்ந்து பார்த்தார்.

"தர்றேன்."

"துளைப்பான், நான்." விரல் கீழே இறங்கியது. "ஐஸ்."

வெய்க்கோ மேஜையின் மரக்கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் வரல" என்றான். "இனி ஏரில கால் வைக்க மாட்டேன். நான் பார்த்த ஐஸ் லட்சணம் எல்லாருக்கும் தெரியுமே."

"அவனே நிமிர்த்திட்டான்னு சொன்னேன்ல..." என்று ஜல்மாரி ஆரம்பித்தார்.

"அவன் நிமிர்த்தல" என்றாள் ஹில்கா.

அடுப்புமேல் கெண்டி கொதிக்கத் தொடங்கியிருந்தது. எழுந்துபோய் அதை நகர்த்தி வைத்தாள். முதுகைக் காட்டியபடி சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. போன வியாழக்கிழமை, பட்டியல் போட்டபோதும், முதுகைக் காட்டித்தான் சொன்னாள். திரும்பி நின்றாள்.

"புதன்கிழமை கண்ணி பார்க்கப் போனேன். ரெண்டு மரமும் கிடந்துச்சு, மேல பனி. காத்துன்னு நினைச்சேன். நான்தான் எடுத்து நட்டேன். தண்ணி இல்ல. பிளாஸ்க்குல இருந்த காபியை ஊத்தினேன். போயிப் பாருங்க, அடியில பழுப்பா இருக்கும். இப்பவும் இருக்கும்."

டினோவின் கை நெற்றிக்குப் போய், நெஞ்சுக்கு வந்து, அங்கேயே நின்றது.

"வியாழக்கிழமை இங்க நின்னுதான் சொன்னேன். மரமெல்லாம் வரிசையா நிக்குதுன்னு. ரெண்டு விழுந்து கிடந்துச்சு, நான் நட்டேன்னு சொல்லல. சொல்லியிருந்தா எங்கன்னு கேட்டிருப்பான். இடுக்குன்னு சொல்லியிருந்தா அவனுக்குப் புரிஞ்சிருக்கும்."

ஜல்மாரி கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொள்ளவில்லை.

வெய்க்கோ நிமிர்ந்தான். இரண்டு நாளில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். கோபப்படுவான் என்று அவள் காத்திருந்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"சறுக்குக் கட்டையிலயா தாண்டினீங்க?" என்று கேட்டான்.

"ஆமா."

"போகையிலயும் வரையிலயும்?"

"ஆமா."

"மூணு அங்குலம்கூட இல்ல அண்ணி" என்றான். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டான். தோள்கள் மட்டும் குலுங்கின. அவன் அழுவதை அவள் பார்த்ததில்லை. பக்கத்தில் போய் நின்றாள். தொடவில்லை.

"நான் ஒரு போன் பண்ணியிருக்கணும்" என்றான் விரல்களுக்கு நடுவிலிருந்து.

"அது உன்னோடது" என்றாள். "உன்னோடத மட்டும் நீ வச்சுக்க. என்னோடதையும் சேர்த்துத் தூக்காத."

வெளியே வெளிச்சம் இறங்கத் தொடங்கியிருந்தது. ஹில்கா நாலு கோப்பையில் காபி ஊற்றினாள். யாரும் எடுக்கவில்லை. பிறகு டினோ எடுத்தான், மற்றவர்களும் எடுத்தார்கள்.

"முனையைச் சுத்தித்தான் போகணும்" என்றான் வெய்க்கோ கடைசியில். "வெளிச்சம் வந்ததும் நான் முன்னால தட்டிட்டுப் போறேன். அம்பது அடிக்கு ஒரு ஓட்டை. பழைய வரிசைய மொத்தமாப் பிடுங்கிடணும்."

"பிடுங்கி?" என்றார் ஜல்மாரி.

"கரைக்குக் கொண்டாந்து எரிச்சுடணும். ஏரிமேல ஒண்ணும் படுத்துக் கிடக்கக் கூடாது."

ஜல்மாரி தலையாட்டினார். பட்டியலை அருகே இழுத்தார். ஏழாவது வரியில் விரல் நின்றது. அவர் ஹில்காவைப் பார்க்கவில்லை. பென்சிலைத் திருப்பி, ரப்பர் முனையைத் தாள்மேல் மெதுவாக வைத்தார்.

"அழிக்காதீங்க" என்றாள் ஹில்கா.

"அம்மா, இது..."

"அவன் எழுதினது. கீழ எழுதிக்குங்க."

அவர் கடைசி வரிக்கும் கீழே, தாளின் ஓரத்தில், வெய்க்கோவின் பெயரைச் சிறிதாக எழுதினார். திங்கட்கிழமை முனையைச் சுற்றிப் போனார்கள். நாலு டிரவுட் வந்தது. ஒன்று டினோவுடையது, ஒன்பது பவுண்டு. அதைப் பற்றி யாரும் கேலி பேசவில்லை. வியாழக்கிழமை கோயிலில் மீன் சூப் போட்டார்கள்.

பட்டியல் மறுபடி ஆணியில் மாட்டியிருந்தது. அடுப்பு வெக்கையில் ஓரம் கொஞ்சம் சுருண்டிருந்தது. ஏழாவது வரி அப்படியே இருந்தது, ஆர்வோவின் சாய்ந்த கையெழுத்தில், பென்சிலை நாக்கில் தொட்டு எழுதியதால் மற்ற வரிகளைவிடக் கறுப்பாக:

ஐஸ் பார்த்தது – ஹில்கா.